நாளையை நினைக்கும் மனத்துக்கு ஒரு தேதி

சிலருடைய மனம் இயல்பாகவே முன்னே ஓடும். என்னுடையது அந்த வகை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே, திரும்பிப் போக வண்டி கிடைக்குமா, மறுநாள் அலுவலகத்தில் எந்தக் கோப்பை முதலில் எடுப்பது, பத்தாம் வகுப்பில் இருக்கும் மகள் அடுத்த ஆண்டு எந்தப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுப்பாள் என்று எண்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிவிடும். இதை ஒரு நோயாகவோ குறையாகவோ நான் கருதவில்லை. ஆனால் அதன் போக்கில் விட்டால் அது தூக்கத்தையும், எதிரில் இருப்பவரின் பேச்சைக் கேட்கும் பொறுமையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது என்பதால், அதை எப்படி வைத்துக்கொள்வது என்று பல ஆண்டுகளாக யோசித்தும் செய்து பார்த்தும் வருகிறேன். அதில் எனக்குப் பயன்பட்டவற்றை எழுதி வைக்க விரும்புகிறேன்.

இத்தகைய மனம் உடையவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை, எதிர்காலத்தை மறந்து இந்தக் கணத்தில் வாழுங்கள் என்பதுதான். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அறிவுரை அது. ஆயினும் அதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. எதிர்காலத்தை நினைக்கவே இயலாத ஒரு மனிதரின் வாழ்க்கை மருத்துவ வரலாற்றில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. கனடாவைச் சேர்ந்த கென்ட் காக்ரேன் 1981ஆம் ஆண்டு, தமது முப்பதாவது வயதில், மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளையில் கடுமையான காயம் அடைந்தார். அவருடைய அறிவுத்திறன் பெரிதாகக் குறையவில்லை. சதுரங்கம் ஆடினார், படித்தார், உலக விவரங்கள் பலவற்றை அறிந்திருந்தார். ஆனால் தம் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக்கூட அவரால் நினைவுக்குக் கொண்டுவர இயலவில்லை. அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் எண்டெல் டல்விங், நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டபோதும் காக்ரேனின் மனத்தில் வெறுமைதான் இருந்தது. நேற்றை இழந்தவரிடமிருந்து நாளையும் போய்விட்டிருந்தது.

2007இல் லண்டனில் டெமிஸ் ஹசாபிஸும் எலினார் மக்வயரும் அவர்களுடைய குழுவினரும் நினைவுகளுக்கு முக்கியமான, மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி பழுதுபட்ட நோயாளிகளிடம், ஓர் அழகான கடற்கரையில் படுத்திருப்பதுபோலக் கற்பனை செய்து விவரிக்கும்படி கேட்டார்கள். அவர்கள் சொன்னவை ஒரு காட்சியாகச் சேராமல் துண்டு துண்டாகவே நின்றன. (இந்த ஹசாபிஸ்தான் பின்னர் செயற்கை நுண்ணறிவுத் துறைக்குச் சென்று 2024இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றவர்.) நினைவிலிருக்கும் பொருள்களைக் கொண்டுதான் நாளையின் காட்சியை மனம் கட்டுகிறது என்று இவற்றிலிருந்து புரிந்துகொள்கிறேன். முன்னே ஓடும் மனம் என்பது நினைவாற்றலோடு பிறந்த ஒரு திறன். அதைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று சொல்பவர்கள் எதைப் பிடுங்கச் சொல்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

எனக்கு இந்த இயல்பு வீட்டிலிருந்து வந்தது. மன்னார்குடிப் பக்கம் நெல் விவசாயம் செய்யும் குடும்பம் எங்களுடையது. அப்பா காலையில் நாளிதழைப் பிரித்ததும் முதலில் தேடுவது மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத்தான். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அதில் இன்று எத்தனை, நேற்றைவிட ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பது காபிக்கு முன்பே தெரிந்தாக வேண்டும். ஜூன் 12இல் அணையைத் திறப்பது வழக்கம் என்றாலும், அந்தத் தேதியை நம்பி யாரும் உறுதியாக இருந்துவிட முடியாது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் அணை திறக்கப்படவே இல்லை. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. தண்ணீர் உரிய காலத்தில் வந்தால் குறுவை என்னும் குறுகிய கால நெல். தாமதமானால் குறுவையின் அறுவடை வடகிழக்குப் பருவமழையில் போய் மாட்டிக்கொள்ளும் என்பதால், அதை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒரே போகமாகச் சம்பா என்னும் நீண்ட கால நெல்லுக்குப் போக வேண்டும். வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம், ஏனெனில் அணை திறந்த செய்தி வந்த பிறகும் வாய்க்காலில் தண்ணீர் தென்படப் பல நாள்கள் ஆகும்.

இவ்வளவு நிச்சயமின்மைக்கு நடுவே அப்பா எப்படித் தூங்கினார் என்பதை நான் பெரியவளான பிறகுதான் கவனித்துப் பார்த்தேன். அவர் எதிர்காலத்தை நினைக்காமல் இருந்ததில்லை. அதைப் பங்கு பிரித்து நினைத்தார். கோடை மழை ஒன்று பெய்ததும் உழவு போடுவது, விதைநெல் கைவசம் இருக்கிறதா என்று பார்ப்பது, வரப்புகளைச் செதுக்குவது ஆகியவை எந்தப் போகமானாலும் வேண்டியவை என்பதால் அவற்றை முன்கூட்டியே முடித்துவிடுவார். குறுவையா சம்பாவா என்ற கேள்வியை மட்டும் அணை திறப்பு அறிவிப்பு வரும்வரை எடுக்கவே மாட்டார். யாராவது டீக்கடையில் அதைப் பற்றி வாதம் செய்தால், "அது வரட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லி எழுந்துவிடுவார். சிறுவயதில் அதை அலட்சியம் என்று எண்ணியிருந்தேன். அந்தக் கேள்விக்குரிய நாள் இன்னும் வரவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

நான் இப்போது சென்னையில் கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். இந்தத் தொழிலும் தேதிகளால் ஆனது. வருமான வரியை முன்கூட்டியே தவணைகளில் கட்டும் அட்வான்ஸ் டாக்ஸ் என்றால் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. அந்தத் தேதிகளுக்குள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் என்ன நிலுவை என்பதை முன்னதாகவே நினைத்துக்கொண்டிருப்பவருக்குத்தான் இங்கே மதிப்பு. ஆகவே முன்னே ஓடும் மனம் எனக்குச் சம்பளமும் வாங்கித் தருகிறது. சிக்கல் அதே மனம் மாலையில் வீட்டுக்கு வந்த பிறகும் நிற்காமல் ஓடுவதில்தான் இருக்கிறது.

அந்த ஓட்டத்தை எப்படி நிறுத்துவது என்ற கேள்விக்கு எனக்கு ஒரு வழி காட்டியது இரயில் முன்பதிவு. பொங்கலுக்கு ஊருக்குப் போக மன்னை விரைவு வண்டியில் இடம் வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைத்துவிட்டார்கள். ஜனவரி 12ஆம் தேதி கிளம்ப வேண்டுமானால் நவம்பர் 13ஆம் தேதி காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். அந்த நாளுக்கு முன்பு, இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று ஒரு மாதம் முழுவதும் கவலைப்பட்டாலும் ஒரு படுக்கைகூட உறுதியாகாது. அந்த நாளில் எட்டு மணிக்குக் கைபேசியோடு உட்காராவிட்டால், அதற்கு முன்பு பட்ட கவலை முழுவதும் வீண். எதிர்காலத்தைப் பற்றிய ஏறக்குறைய எல்லா எண்ணத்துக்கும் இப்படி ஒரு திறக்கும் தேதி இருக்கிறது என்பதே நான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி. ஓர் எண்ணம் வந்ததும் நான் அதனிடம் கேட்பது, இது நடக்குமா என்பதை அன்று. இதற்காக நான் ஏதேனும் செய்யக்கூடிய முதல் நாள் எது என்பதை.

அதற்காக ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். எண்ணம் ஒரு வரியில், அதன் எதிரே தேதி. மகளின் பாடப்பிரிவு என்றால் பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும் வாரம். வாடகை ஒப்பந்தம் என்றால் அது முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு. மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பழுது பார்ப்பது என்றால் மழைக்காலம் தொடங்கும் முன் செப்டம்பர். கைபேசியில் நினைவூட்டல் வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம், நானும் சிலவற்றுக்கு வைக்கிறேன். ஆனால் கையால் எழுதும்போது எண்ணத்துக்குச் சொற்களைத் தேட வேண்டியிருக்கிறது, அந்தத் தேடலிலேயே பாதிக் கவலை கரைந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

இதற்கு ஆய்வுலகிலும் காரணம் காட்டியிருக்கிறார்கள். கவலையைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் போர்கோவெக். கவலை என்பது பெரும்பாலும் மனத்துக்குள் நடக்கும் பேச்சு, காட்சி அதில் குறைவு என்று அவர் காட்டினார். என்னைக் கவனித்துப் பார்த்தபோது அது சரியாகவே இருந்தது. என் கவலைகள் எல்லாம் "ஒருவேளை அப்படி ஆகிவிட்டால்" என்று தொடங்கி, அங்கேயே சுற்றிச் சுற்றி வந்து, எந்த இடத்தில், எந்த நாளில், யார் என்ன சொல்லி என்ன நடக்கும் என்ற விவரத்துக்குப் போவதே இல்லை. திட்டமிடுதல் அப்படி இல்லை. அது ஏதாவது ஒரு செயலில் போய் முடியும், முடிந்ததும் மனம் அதை விட்டுவிடும். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால், கவலைப்படுகிறவர் தாம் பொறுப்போடு திட்டமிடுவதாகவே நம்பிக்கொண்டிருக்க முடியும். இந்த இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொள்வதுதான் இதில் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். அரை மணி நேரம் யோசித்த பிறகும் நோட்டில் எழுதுவதற்கு ஒரு வினைச்சொல்கூட அகப்படவில்லை என்றால் அது திட்டமிடுதல் ஆகாது.

போர்கோவெக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1983இல் வெளியிட்ட முறை ஒன்றை நான் ஏறக்குறைய அப்படியே பின்பற்றுகிறேன். கவலைக்கென்று நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரை மணி நேரத்தை ஒதுக்க வேண்டும். மற்ற நேரங்களில் கவலை எழுந்தால் அதை அடையாளம் கண்டு, அந்த நேரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, கையிலிருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் கவலைகளை எடுத்து வைத்துக்கொண்டு அவற்றுக்குத் தீர்வு உண்டா என்று பார்க்க வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. பழகும் வரை கடினமாக இருக்கிறது. எண்ணத்தை அடக்கச் சொன்னால் மனம் முரண்டு பிடிக்கும். அதே எண்ணத்தை ஆறரை மணிக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் இணங்கிவிடும், ஏனெனில் அதன் கோரிக்கை மறுக்கப்படவில்லை. எனக்குரிய இடம் பால்கனி நாற்காலி. படுக்கையில் இதைச் செய்யக் கூடாது; படுக்கை கவலைப்படும் இடம் என்று மனம் பழகிவிட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு. அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தாலும் பல நாள்களில் பத்து நிமிடத்திலேயே எழுந்துவிடுகிறேன். காலையில் மலையாகத் தெரிந்தது மாலையில் நோட்டில் ஒரு வரியாகத்தான் இருக்கிறது.

இரவுக்கு மட்டும் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கலின் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 57 இளைஞர்களை ஆய்வகத்தில் தூங்கவைத்து மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், ஒரு பாதிப் பேர் அடுத்த சில நாள்களில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதினார்கள். மற்றவர்கள் ஏற்கெனவே செய்து முடித்த வேலைகளை எழுதினார்கள். செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். வேலைகளை விவரமாகப் பட்டியலிட்டவர்கள் அவர்களிலும் விரைவாகத் தூங்கினார்கள். முடித்ததை எண்ணிப் பார்ப்பதுதான் நிம்மதி தரும் என்று நான் நினைத்திருந்தேன். முடிக்காததை ஒழுங்காக எழுதி வைப்பதே நிம்மதி தருகிறது. "ஆடிட்டர் வேலை" என்று எழுதினால் தூக்கம் வராது. எந்த வாடிக்கையாளரின் எந்த வங்கி அறிக்கையை யாரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்று எழுதினால் வருகிறது.

நோட்டுப் புத்தகத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. மாதக் கடைசியில் பழைய பக்கங்களைப் புரட்டி, அஞ்சியது நடந்ததா என்று எதிரே குறித்துக்கொள்கிறேன். லூகாஸ் லஃப்ரெனியர், மிஷெல் நியூமன் என்னும் ஆய்வாளர்கள் 2020இல் இதையே முறையாகச் செய்து வெளியிட்டார்கள். கவலைக் கோளாறு உள்ள 29 பேர் தங்கள் கவலைகளை எழுதி, பிறகு அவை பலித்தனவா என்று சரிபார்த்தார்கள். 91.4 சதவீதம் பலிக்கவில்லை. சிறிய ஆய்வுதான், அதை வைத்துக்கொண்டு எல்லாக் கவலையும் பொய் என்று சொல்லிவிட முடியாது, மீதமுள்ளவற்றில் உண்மையாகவே வலிக்கும் நிகழ்ச்சிகள் இருந்திருக்கும். இருந்தாலும் சரிபார்ப்பதில்தான் பயன் இருக்கிறது. கவலைப்பட்டு, அது நடக்காமலும் போனால், நாம் அதை மறந்துவிட்டு அடுத்த கவலைக்குப் போய்விடுகிறோம். தவறாகக் கணித்தவர் என்ற பெயர் நம் மனத்துக்கு ஒருபோதும் வருவதில்லை. எழுதி வைத்தால் வருகிறது.

தொலைதூர எதிர்காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலருடைய தூக்கம் அங்கேதான் போகிறது. குழந்தை ஆறாம் வகுப்பில் சேர்ந்ததுமே மருத்துவமா பொறியியலா என்று தொடங்கிவிடுகிறோம். இந்த மாநிலத்தில் நடந்ததை மட்டும் எடுத்துப் பார்ப்போம். தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத்தேர்வு 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையோடு இல்லாமல் போனது. அதன் பிறகு 2016 வரை பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்தே மருத்துவ இடங்கள் நிரப்பப்பட்டன. 2017இல் நீட் வந்தது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு வந்தது. 2021இல் பெருந்தொற்றால் பிளஸ் 2 பொதுத்தேர்வே நடக்கவில்லை. 2011இல் ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளையைச் சேர்த்த பெற்றோர், அன்றைய விதிகளை வைத்து ஏழு ஆண்டுக்கு எவ்வளவு நுணுக்கமாகத் திட்டம் போட்டிருந்தாலும், அந்தப் பிள்ளை பிளஸ் 2 முடிக்கும்போது அத்திட்டம் செல்லாக்காசாகியிருக்கும். அவர்கள் அறிவில் குறையில்லை. அந்த முடிவை எடுப்பதற்குரிய தகவல் 2011இல் உலகத்தில் எங்குமே இல்லை.

ஆகவே தொலைதூரத்துக்கு நான் அப்பாவின் கோடை உழவு முறையைக் கையாள்கிறேன். விதி எப்படி மாறினாலும் வேண்டியவை சில உண்டு: மகள் தமிழையும் ஆங்கிலத்தையும் பிழையின்றி எழுத வேண்டும், கணக்கைப் பயமின்றி அணுக வேண்டும், உடம்பை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும், மாதந்தோறும் ஒரு தொகை சேமிப்பில் போக வேண்டும். இவற்றை இன்றே செய்யலாம். எந்தக் கல்லூரி, எந்த ஊர், எந்த வேலை என்பவை நோட்டில் தேதியோடு காத்திருக்கின்றன. அதைப் பற்றி உறவினர்கள் கேட்டால் "இன்னும் முடிவு செய்யவில்லை" என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

முன்னே ஓடும் மனம் அச்சத்தை மட்டும் கொண்டுவருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊருக்குப் போகும் நாளை எண்ணி ஒரு வாரம் முன்பிருந்தே மகிழ்வது, தீபாவளிக்கு என்ன பலகாரம் செய்யலாம் என்று பேசிக்கொண்டிருப்பது ஆகியவற்றுக்கு நான் தேதியும் குறிப்பதில்லை, நேரமும் ஒதுக்குவதில்லை. அவை எப்போது வந்தாலும் வரட்டும்.

ஒன்றை அக்கறையோடு குறிப்பிட விரும்புகிறேன். கவலை ஆறு மாதங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாள்களில் நீடித்து, தூக்கமின்மை, தசை இறுக்கம், எரிச்சல், களைப்பு ஆகியவற்றோடு சேர்ந்து அன்றாட வேலையைப் பாதிக்குமானால், நோட்டுப் புத்தகம் போதாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்குச் சிகிச்சை உண்டு, பயனும் தருகிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, திறக்கும் தேதியே இல்லாத எண்ணங்கள் இருக்கின்றன. அப்பாவுக்கு வயதாகிறது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற எண்ணம் வரும்போது என் முறை அதனிடம் செல்லுபடியாவதில்லை, ஏனெனில் எதிரே எழுத ஒரு தேதி கிடையாது. இத்தகைய எண்ணத்தில் செய்யக்கூடிய பகுதி எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறேன். ஊர் வீட்டுக் குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்தியாயிற்று. வழுக்கும் ஓடுகளை மாற்றியாயிற்று. மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவசரம் என்றால் தஞ்சாவூரில் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது, யார் முதலில் கிளம்புவது என்று அண்ணனும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம். அந்தப் பேச்சை அப்பாவை வைத்துக்கொண்டே நடத்தினோம், அவரும் தமக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார். அதற்கு மேல் எஞ்சியிருக்கும் பயத்தை நான் நோட்டில் எழுதுவதில்லை. அது வரும் நாள்களில் அவருக்குத் தொலைபேசியில் அழைத்து, மேட்டூரில் இன்று எத்தனை அடி என்று கேட்கிறேன்.